நாண் வலப்பக்கம் விழுந்தால் வில்லை எந்தப் பக்கம் சீவுவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை தண்டையார்பேட்டையைச் சேர்ந்த தம்பி ஒருவர், வால்டாக்ஸ் சாலை மரக்கடையில் சடச்சிக் கட்டை வாங்கி, ஒட்டு வேலை எதுவும் இல்லாமல் ஒரே மரத்தில் 5 அடி 8 அங்குல நீளத்தில் வில் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். தாழ்வாக நாணேற்றிப் பார்த்தபோது நாண் கைப்பிடியின் நடுவில் விழாமல் வலப்புறம் மூன்று நூல் (எட்டில் மூன்று அங்குலம்) தள்ளி விழுகிறது. மேற்கிளை, அதாவது கைப்பிடிக்கு மேலே வளையும் பாதி, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டதுபோல் தெரிகிறது. நாண் இல்லாதபோது அந்த முறுக்கு மிகச் சிறிதாக இருக்கிறதாம், நாணேற்றியதும் கூடிவிடுகிறதாம். நண்பர் ஒருவர் வலப்பக்கத்தைச் சீவச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் நெருப்பில் காட்டி முறுக்கச் சொல்லியிருக்கிறார். யார் சொல்வதைச் செய்வது என்பதே கேள்வி.

இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். வலப்பக்கத்தைச் சீவச் சொன்னவர் ஒரு பாதியைச் சரியாகவும் மறுபாதியைத் தலைகீழாகவும் நினைவில் வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. இந்த வேலையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்தத் தலைகீழ் நினைவிலிருந்து வந்தவையே என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சொற்களை முதலில் ஒத்துக்கொள்வோம். பயிற்சிக் களங்களில் லிம்ப் என்று சொல்வதை நான் கிளை என்கிறேன். எய்பவரை நோக்கிய பக்கம் வயிறு, இலக்கை நோக்கிய பக்கம் முதுகு. வலம், இடம் என்று நான் சொல்வதெல்லாம் மேற்கிளை மேலே இருக்க, வில்லின் வயிற்றை நீங்கள் பார்த்தபடி பிடித்திருக்கும்போது உங்கள் கைக்கு வலம், இடம். நூல் என்பது தச்சர் கணக்கு, ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இப்போதே பென்சிலால் வில்லின் வயிற்றில் வ, இ என்று எழுதி வையுங்கள். வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலையில், பத்தாவது நிமிடத்தில் எது வலம் என்பதே மறந்துபோகும்.

வில் வளையும்போது வயிற்றுப்பக்க மரம் அமுங்குகிறது, முதுகுப்பக்க மரம் இழுபடுகிறது. கிளையின் குறுக்குவெட்டு இரு விளிம்பிலும் ஒரே தடிமனாக இருந்தால் அது நேராக வயிற்றுப்பக்கம் வளையும். ஒரு விளிம்பு மெலிந்திருந்தால் குறுக்குவெட்டு ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும். அப்போது கிளை தனக்கு எளிதான திசையில், அதாவது மெலிந்த விளிம்பின் பக்கமாகச் சாய்ந்தபடி வளையும், நுனியும் அந்தப் பக்கமே போகும். மரத்தின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறுவது என்பதால், கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகூட இங்கே பெரிதாகிவிடுகிறது. ஒரு விளிம்பு 12 மில்லிமீட்டரும் மறுவிளிம்பு 13 மில்லிமீட்டரும் இருந்தால், தடித்த பக்கம் மெலிந்த பக்கத்தைவிட ஏறக்குறைய 27 சதவீதம் கூடுதல் விறைப்பாக நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டரை விரலால் தடவியெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆகவே உங்கள் மேற்கிளையின் நுனி வலப்புறம் சாய்கிறது என்றால், வலது விளிம்பு மெலிந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். வயிற்றில் சீவ வேண்டியது தடித்து நிற்கும் இடதுபக்கத்தை. வலப்பக்கத்தைச் சீவினால் மெலிந்ததை மேலும் மெலியவைத்து, மூன்று நூலை ஆறு நூலாக்கிவிடுவீர்கள்.

அப்படியானால் நண்பர் சொன்னது எங்கிருந்து வந்தது? நுனியிலிருந்து வந்தது. நாணின் வளையம் நுனியில் இருபுறமும் உள்ள பள்ளங்களில் உட்கார்ந்து, அந்த இரு பள்ளங்களின் நடுவிலிருந்துதான் கிளம்புகிறது. வலது பள்ளத்தை அரத்தால் ஆழமாக்கினால் நடுப்புள்ளி இடப்பக்கம் நகரும், நாணும் இடப்பக்கம் வரும். நுனியை ஒடுக்கும்போதும் இதே கதைதான்: நாண் விழும் பக்கத்து மரத்தை எடுத்தால் நாண் உள்ளே வரும். ஆக, வயிற்றில் நாண் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நுனியில் நாண் விழும் அதே பக்கம். நண்பர் நுனிக்கான விதியை வயிற்றுக்குச் சொல்லிவிட்டார்.

நுனியில் அரம் போடுவது எளிதாக இருக்கிறதே, அதையே செய்துவிட்டால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நுனியின் ஒரு பக்கத்தில் இரண்டு நூல் மரத்தை எடுத்தால் நுனியின் நடு ஒரு நூல்தான் நகரும். நாண் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குப் போகும் நேர்க்கோடு. கைப்பிடி அதன் நடுவில் இருப்பதால், ஒரு நுனி ஒரு நூல் நகர்ந்தால் கைப்பிடியில் நாண் அரை நூல்தான் நகரும். உங்களுக்கு வேண்டியது மூன்று நூல். அதை மேல் நுனியில் மட்டும் எடுக்கப் போனால் பன்னிரண்டு நூல், அதாவது ஒன்றரை அங்குலம் செதுக்க வேண்டும்; நுனியே மிஞ்சாது. நுனி வேலை கடைசி அரை நூலுக்கானது. அதனால்தான் நாண் நேராகும்வரை நுனிகளை ஒரு அங்குல அகலமாவது விட்டுவைக்க வேண்டும் என்று சொல்வது. முதல் நாளே நுனியை அழகாக அரை அங்குலத்துக்கு ஒடுக்கி, பாலிஷும் போட்டுவிட்டு, பிறகு நாண் கோணலாக விழுகிறது என்று கொண்டுவந்து காட்டிய பிள்ளைகள் பலர்.

இதே நேர்க்கோட்டுக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நாண் கைப்பிடியில் மூன்று நூல் தள்ளியிருக்க, கோளாறு ஒரு கிளையில் மட்டும் என்றால், அந்த நுனி ஆறு நூல் சாய்ந்திருக்கிறது. ஆனால் கோளாறு ஒரு கிளையில்தானா? மேற்கிளை முறுக்கியிருப்பது கண்ணில் பட்டதால் கீழ்க்கிளையை யாரும் பார்ப்பதில்லை. நாண் இல்லாத வில்லின் வயிற்றில், கைப்பிடியின் நடுவிலிருந்து இரு நுனிக்கும் நூற்கயிறு பிடித்து நடுக்கோடு போடுங்கள். பிறகு நாணேற்றி, வில்லின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். எந்தக் கிளையின் நடுக்கோடு நாணுக்கு வெளியே ஓடுகிறதோ அதுவே குற்றவாளி. இரண்டும் பாதிப் பாதி ஓடினால் வேலையும் பாதிப் பாதி. பார்ப்பதற்கு முன், நாணின் வளையம் இருபுறப் பள்ளத்திலும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டி இழுத்துப் பார்க்கும் சட்டம் வைத்திருந்தால், அதில் கைப்பிடி உட்காரும் இடம் சாய்வாக இருந்தாலும் இல்லாத முறுக்கு இருப்பதாகத் தெரியும். நீளமான நாணைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்ப்பதும் இந்தக் கோளாற்றைச் சரியாகக் காட்டாது. மூன்று நான்கு அங்குலத்துக்காவது, அதாவது நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே அவ்வளவு இடைவெளி இருக்கும்படி, நாணேற்றித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, முறுக்கு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு அடி நீளமுள்ள நேரான ரீப்பர் (ஒடுக்கமான மரச்சட்டம்) துண்டுகள் இரண்டு போதும். ஒன்றைக் கைப்பிடியின் குறுக்கே ரப்பர் போட்டுக் கட்டுங்கள். இன்னொன்றைக் கிளையின் மேல் நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை நகர்த்திவைத்து, இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றாகத் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கதவுச் சட்டம் முறுக்கியிருக்கிறதா என்று தச்சர் பார்ப்பது இப்படித்தான். இதை நாண் இல்லாமல் ஒருமுறை, நாணேற்றி ஒருமுறை செய்து, இரண்டு கணக்கையும் வில்லிலேயே எழுதிவையுங்கள்.

எந்த இடம் என்பது ஏன் முக்கியம்? கைப்பிடியை ஒட்டிய அடியில் கிளை 5 பாகை திரும்பியிருந்தால், ஆறு அங்குலத்துக்கு நாணேற்றும்போது நுனி ஏறக்குறைய அரை அங்குலம் பக்கவாட்டில் போய்விடும். இன்னும் இழுத்தால் இன்னும் போகும். அதே 5 பாகை, ஏன் 15 பாகை, நுனிக்குக் கீழே கடைசி ஆறு அங்குலத்தில் இருந்தால் நுனி தானிருக்கும் இடத்திலேயே திரும்பி நிற்குமே தவிர அதிகம் விலகாது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அம்பு அதைக் கண்டுகொள்ளாது. மரமே கயிறு திரித்ததுபோல் வளர்ந்திருந்து, அந்த ஓட்டத்தின்படியே செதுக்கிய வில் இரு முனையிலும் எதிரெதிராக முறுக்கி, மின்விசிறியின் இறக்கை போலத் தெரியும். நாண் நடுவில் விழுந்தால் அதை நான் தொடுவதே இல்லை. வில்லை நிமிர்த்துவது நம் வேலை அல்ல, நாணை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

இப்போது உங்கள் வில்லுக்கு வருகிறேன். நாண் இல்லாதபோது சிறிதாக இருந்த முறுக்கு நாணேற்றியதும் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி முக்கியமானது. மரத்திலேயே பிறந்த முறுக்கு நாணேற்றினாலும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். நாணேற்றியதும் கூடுகிறது என்றால், விளிம்புகளின் தடிமனில் வேறுபாடு இருக்கக் கூடுதல் வாய்ப்பு. ஆகவே சூடு இரண்டாவது வேலை. சீவுவது முதல் வேலை. மேற்கிளையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் இரு விளிம்பின் தடிமனையும் அளந்து அங்கேயே எழுதுங்கள். இடது விளிம்பு தடித்த இடங்களில் மட்டும், நடுக்கோட்டிலிருந்து இடது விளிம்பு வரை பென்சிலால் தீற்றிவிட்டு, அந்தத் தீற்றல் போகும் அளவுக்கு மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டாலோ சுரண்டியாலோ வழியுங்கள். இழைப்புளி வேண்டாம், அது ஒரே தள்ளலில் உங்களுக்கு வேண்டியதைவிட அதிகம் எடுத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் நாணேற்றாமல் வில்லைத் தரையில் ஊன்றி முப்பது முறை மெதுவாக வளைத்துவிட்டு, அதன் பிறகே நாணேற்றிப் பாருங்கள். எடுத்த மரத்தின் விளைவை வில் உடனே காட்டாது. முதுகை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். முதுகில் ஓடும் நார் அறுபட்டால் வில் அங்கேயே பிளக்கத் தொடங்கும்.

இதில் ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு வழிப்பும் வில்லின் இழுவிசையைக் குறைக்கும். 40 பவுண்டு வில் வேண்டும் என்று நினைத்திருந்தால், இந்தத் திருத்தம் முடிவதற்குள் அது 35-க்கு இறங்கிவிடலாம். இழுவிசை முன்பே குறைந்துவிட்ட வில்லாக இருந்தால் வழிப்பதைக் குறைத்துக்கொண்டு, மீதியைச் சூட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

சூடு பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தந்தை காசிமேட்டில் படகுத் தச்சர். பலகையைப் படகின் வளைவுக்குக் கொண்டுவர, ஈரச்சாக்கைப் போர்த்தி, அடியில் தணலை வைத்து, மறுமுனையில் கல்லைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வந்து பார்க்கும்போது பலகை தானாக இறங்கியிருக்கும். மரத்தை மனிதன் முறுக்கக் கூடாது, சூடும் பாரமும் முறுக்க வேண்டும் என்பது அவர் சொல்லாமல் காட்டிய பாடம். வில்லிலும் அதைத்தான் செய்கிறேன். கைப்பிடியைச் சைக்கிள் டியூப் சுற்றி வைஸில் பிடித்து, முறுக்கு இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒன்றரை அடி ரீப்பரைக் குறுக்கே வைத்துக் கிளாம்ப் போட்டு, ரீப்பரின் முனையில் வெறும் ஐந்து லிட்டர் கேனைக் கட்டித் தொங்கவிடுவேன். பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் கிடைக்கும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை வயிற்றிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் கரி அடுப்பின் தணல் போதும். தீக்கொழுந்து மட்டும் கூடாது. வயிற்றில் நல்லெண்ணெய் லேசாகத் தடவிக்கொண்டால் சூடு சீராகப் பரவும், மரம் சட்டென்று கருகாது. ஒரு அடி நீளத்துக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். எதிர்ப்பக்கத்தில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஊடுருவிய பிறகு, கேனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் கிளை எந்தச் சத்தமும் இல்லாமல் திரும்புவதைக் காணலாம். நேராகும் இடத்தில் நிறுத்திவிடாமல், சில பாகை எதிர்ப்பக்கம் கூடுதலாகப் போகவிடுங்கள். விட்டதும் சற்றுத் திரும்பி வரும். அப்படியே இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள்தான் கிளாம்பைக் கழற்ற வேண்டும்.

முதுகுப்பக்கம் சூடு காட்டவே கூடாது. வயிறு லேசாகப் பழுப்பேறினால் அமுக்கத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், இழுபடும் முதுகோ கருகினால் உடைந்துவிடும். பச்சை மரத்துக்கும் இந்த வறட்டுச் சூடு ஆகாது, வெடிப்பு விழும். கைப்பிடியில் துண்டு ஏதாவது ஃபெவிகால் வைத்து ஒட்டியிருந்தால் அது சூட்டில் இளகும் என்பதால், ஈரத்துணி சுற்றிக் காக்க வேண்டும். கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதி தடித்திருப்பதால் வறட்டுச் சூடு உள்ளே போகத் தாமதமாகும். அங்கே ஆவிதான் எளிது. அகலப் பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் கிளையைக் குறுக்கே வைத்து, அலுமினியத் தாளால் மூடி, ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவி காட்டலாம். எடுத்த கணத்தில் கேனைத் தொங்கவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மரம் மீண்டும் விறைத்துவிடும்.

சூட்டுக்குப் பிறகு பொறுமை வேண்டும். வறட்டுச் சூடு மரத்தின் ஈரத்தை விரட்டிவிடுகிறது. அந்த நிலையில் வளைத்தால் கண்ணாடிபோல் முறியும். என்னுடைய இரண்டாவது வில் அப்படித்தான் போனது. ஞாயிறு மாலை சூடு காட்டினேன், திங்கள் காலை ஆசை தாங்காமல் நாணேற்றினேன். இழுப்பதற்கு முன்பே இரண்டாகிவிட்டது. வறட்டுச் சூட்டுக்கு ஒரு வாரமும், ஆவிக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமலும் விட்டுவையுங்கள். முதலாவதில் ஈரம் திரும்ப வேண்டும், இரண்டாவதில் ஈரம் போக வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கும் இடத்தில் மரம் தனக்குள் 12, 13 சதவீத ஈரத்தை வைத்துக்கொள்ளும். வில்லுக்கு 8 முதல் 10 வரை இருந்தால் நல்லது. இராயபுரம், தண்டையார்பேட்டை என்று கடலை ஒட்டி இருக்கும் வீடுகளில், ஐப்பசி கார்த்திகை மழையில், நிமிர்த்திய முறுக்கு கொஞ்சம் திரும்ப எட்டிப்பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். மாசியிலிருந்து ஆனிக்குள் சூட்டு வேலையை முடித்துவிடுவது என் வழக்கம். மரத்தின் ஈரம் இறங்க, வில்லைச் சமையலறைப் பரணில் படுக்கவைத்தால் போதும். அவசரமென்றால் நீளமான பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு வைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நூல் மீதி நின்றால் வருந்த வேண்டியதில்லை. நீங்கள் வலக்கைக்காரர் என்றால் வில்லை இடக்கையில் பிடிப்பீர்கள், அம்பு வில்லின் இடப்புறமாகப் போகும். நாண் நடுவிலிருந்து ஒரு நூல் இடப்புறம் விழுந்தால் அது அம்புக்கு வசதியே. வலப்புறம் விழுந்தால்தான் கெடுதல். அப்போது வில்லைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்: வலம் இடமாகிவிடும். கைப்பிடியும் கிளைகளின் வளைவும் ஒரு திசைக்கென்று இன்னும் முடிவாகாத வில்லுக்கு இது செலவில்லாத மருந்து. கைப்பிடியின் ஒரு பக்கத்தைச் சற்று ஒடுக்கி நடுவையே நகர்த்துவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. நாண் கைப்பிடியின் விளிம்பையே தாண்டி விழும் வில்லை நாணேற்றி இழுக்காதீர்கள். கிளை பக்கவாட்டில் புரண்டு, நாண் பள்ளத்திலிருந்து கழன்றால் நுனி முகத்துக்குத்தான் வரும். மொட்டைமாடியில் அம்பு எய்து பார்க்கவும் வேண்டாம். நம் தெருக்களில் அடுத்த மாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

உங்கள் வில்லுக்கு நான் செய்வது இதுதான். இந்த வாரம் அளந்து எழுதுவது மட்டும். அடுத்து இடது விளிம்பை வழித்து, மூன்று நூல் ஒன்றரையாகும்வரை போவேன். அதற்குள் இழுவிசை அதிகம் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். பிறகு ரீப்பர் காட்டும் மீதி முறுக்குக்கு ஒருமுறை சூடு, ஒரு வாரம் பரண். எடுத்து, நான்கு அங்குலத்துக்கு நாணேற்றி, 20 அங்குலம் வரை முப்பது முறை இழுத்து, மறுபடி நடுக்கோட்டைப் பார்ப்பேன். அதுவரை நுனிகளில் அரம் படாது.